பீமன் ஓடிய வழியும் நாற்பத்துநான்காம் நெடுஞ்சாலையும்

ஆண்கள் கூட்டமாகச் சேர்ந்து, உடம்பை வருத்திக்கொண்டு போகிற பெரும் பயணங்கள் இரண்டு கன்னியாகுமரி மாவட்டத்தில் உண்டு. ஒன்று இந்த மண்ணிலேயே தொடங்கி இங்கேயே முடிகிறது. மற்றது இந்தியாவின் மறுமுனையில் கிளம்பி இங்கே வந்து முடிகிறது.

முதலாவது சிவாலய ஓட்டம். மகா சிவராத்திரிக்கு முந்தைய நாள் மாலை, முன்சிறையை அடுத்த திருமலை மகாதேவர் கோயிலில் கிளம்புவார்கள். திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்றிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு என்று இரவும் பகலும் ஓடியும் நடந்தும் சிவாலயங்களைத் தொழுது, சிவராத்திரி இரவில் திருநட்டாலம் வந்து சேர்வார்கள். பழைய விளவங்கோடு, கல்குளம் வட்டங்களுக்குள் சுற்றி வருகிற இந்த வழியின் தூரத்தை ஆளுக்கொரு கணக்காகச் சொன்னாலும் நூறு கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும். செருப்புக் கிடையாது.

இரண்டாவது காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரையிலான பைக் பயணம். ஸ்ரீநகரில் தொடங்குகிற தேசிய நெடுஞ்சாலை 44, நாட்டிலேயே நீளமானது. 3,700 கிலோமீட்டருக்கு மேல். பஞ்சாபின் வயல்களையும் தக்காணத்தின் வெயிலையும் தாண்டி, காவல்கிணறு வழியாகக் குமரிமுனைக்கு வந்து இறங்குகிறது. இந்தச் சாலையில் வருடம் முழுக்க பைக்குகள் வந்துகொண்டே இருக்கின்றன. பெட்டிகள் கட்டிய வண்டி, முழங்கால் காப்பு, தூசியில் நிறம் மாறிய ஜாக்கெட், பின்னால் ஒரு சின்ன தேசியக் கொடி. வள்ளுவர் சிலையும் விவேகானந்தர் பாறையும் தெரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, படம் எடுத்துக்கொண்டு, ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். லே நகரத்திலிருந்து கிளம்பி வருகிறவர்களும் உண்டு. நம்மூர்ப் பையன்கள் இதையே தலைகீழாக, இங்கிருந்து வடக்கே போகிறார்கள்.

ஒன்றைப் பக்தி என்றும் மற்றதைப் பொழுதுபோக்கு என்றும் தனித்தனிப் பெட்டியில் போட்டுவிடுவதால் இவ்விரண்டையும் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. எனக்கு ஒரே கேள்விதான். ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான நட்பை இந்தப் பயணங்கள் என்ன செய்கின்றன? "ஆம்பிளைன்னா இப்படித்தான்" என்று நாம் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிற பாடத்தை எது உறுதிப்படுத்துகிறது, எது கரைக்கிறது?

நம் ஊர் ஆண்களின் அன்றாட நட்பைக் கொஞ்சம் நேராகப் பார்க்க வேண்டும். டீக்கடை, கலுங்கு, வாலிபால் களம், கோயில் கொடை. சிறு வயதிலிருந்தே சேர்ந்து நிற்கிறவர்கள். "மக்கா" என்று கூப்பிடாமல் ஒரு பேச்சுத் தொடங்காது. கிண்டல் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒருவன் கடனில் மூழ்கியிருப்பதோ, இன்னொருவனுக்கு ராத்திரி தூக்கம் போய் மாதங்கள் ஆனதோ மற்றவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் கேட்கத் தெரியாது. கேட்கிற துணிச்சல் வருவதற்கு ஒரு பாட்டில் வேண்டியிருக்கிறது. பாட்டிலோடு வருகிற பேச்சு மறுநாள் காலையில் இரண்டு பேருக்கும் நினைவில்லாததுபோல் ஆகிவிடுகிறது. பாசத்துக்குக் குறைவில்லை, அதை வெளியே எடுக்க ஒரு முறைதான் இல்லை. இந்த இல்லாமையோடுதான் ஆண்கள் பயணம் கிளம்புகிறார்கள் என்பது என் எண்ணம். போகிற இடம் பெரும்பாலும் ஒரு சாக்கு.

சிவாலய ஓட்டத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பல வடிவங்களில் சொல்லப்படும் அதன் நடு இழை இது. தருமர் நடத்தும் யாகத்துக்குப் புருஷாமிருகத்தின் பால் வேண்டும். பாதி மனிதன், பாதி விலங்கான அந்தப் புருஷாமிருகம் சிவனைத் தவிர வேறு பெயர் காதில் விழுவதைப் பொறுக்காது. பால் கொண்டுவரப் பீமனை அனுப்புகிறார்கள். கண்ணன் பன்னிரண்டு உருத்திராட்சங்களைக் கொடுத்தனுப்புகிறான். திருமலையில் தவத்தில் இருந்த புருஷாமிருகத்தின் முன்னால் போய்ப் பீமன் "கோவிந்தா, கோபாலா" என்று கூவ, அது சினந்து துரத்துகிறது. பீமன் ஓடுகிறான். பிடிபடும் நேரத்தில் ஓர் உருத்திராட்சத்தைக் கீழே போடுகிறான், அது சிவலிங்கமாகிறது. புருஷாமிருகம் நின்று பூசை செய்கிறது. பீமன் மறுபடி கூவுகிறான், மறுபடி ஓடுகிறான். கடைசியில் ஒரு கால் புருஷாமிருகத்தின் எல்லைக்கு அப்பாலும் ஒரு கால் இப்பாலும் இருக்கப் பிடிபடுகிறான். வழக்குத் தருமரிடம் போகிறது. தம்பி என்று பார்க்காமல், பீமனின் உடலில் பாதி புருஷாமிருகத்துக்கு உரியது என்று அவர் தீர்ப்புச் சொல்கிறார். அப்போது அரியும் அரனும் ஒன்று என்று காட்டிக் கண்ணன் பகையைத் தீர்த்துவைக்கிறான். நட்டாலத்தில் சங்கரநாராயணர் கோயில் கொண்டிருப்பது அதனால்தான் என்பார்கள்.

இந்தக் கதையில் யார் ஓடுகிறார்கள் என்று பாருங்கள். பீமன். கதாயுதம், கீசகவதம், துரியோதனனின் தொடை, நூறு கௌரவர்கள் என்று ஆண்மையின் பேருருவாக நம் கூத்துகளும் கதைகளும் நிறுத்தி வைத்திருக்கிற அதே பீமன். இங்கே அவன் யாரையும் அடிக்கவில்லை. மூச்சு வாங்க, உயிருக்குப் பயந்து, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓடுகிறான். கையிலிருப்பதை ஒவ்வொன்றாகக் கீழே போட்டுக்கொண்டே போகிறான். இறுதியில் பிடிபடவும் செய்கிறான். இந்த மாவட்டத்து ஆண்கள் ஆண்டுதோறும் தங்கள் உடம்பால் திரும்ப நடித்துக் காட்டுவது பீமனின் வெற்றிகளில் ஒன்றை அல்ல. அவன் பயந்து ஓடிய ஓட்டத்தை. ஆண்கள் கூட்டமாகச் செய்கிற பெரிய சடங்கொன்று அச்சத்தை நடுவில் வைத்திருப்பது எவ்வளவு அபூர்வம்! இத்தனை வயதுக்குப் பிறகும் இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

சடங்கின் ஏற்பாடுகளும் அதற்குத் தோதாக இருக்கின்றன. ஓடுகிறவர்களைக் கோவிந்தன்மார் என்பார்கள். முன்கூட்டியே மாலையிட்டு விரதம் இருக்கத் தொடங்குவார்கள். மது, மாமிசம் கிடையாது. காவி உடை. கையில் ஒரு பனையோலை விசிறி. காசும் திருநீறும் வைத்துக்கொள்ள ஒரு சிறு துணிப்பை. ஒவ்வொரு கோயிலிலும் குளத்திலோ ஆற்றிலோ முங்கி எழுந்து, ஈரத் துணியோடு உள்ளே போய், இறைவனுக்கு விசிறியால் வீசுவார்கள். ஓடிக் களைத்தவன் தனக்கு வீசிக்கொள்ளாமல் சாமிக்கு வீசுகிறான். பிறகு அதே விசிறியால் பக்கத்தில் சுருண்டு கிடக்கும் கூட்டுக்காரனுக்கு வீசுகிறான். பராமரிப்பு என்கிற செயலை ஆணின் கையில் ஒரு பொருளாகவே கொடுத்துவிட்ட சடங்கு இது. அந்த ஒரு விசிறிக்காகவே இதை வடிவமைத்த முன்னோரைக் கும்பிடலாம்.

கூட்டத்தில் ஒருவன் "கோவிந்தா" என்று குரல் கொடுக்க, மற்றவர்கள் "கோபாலா" என்பார்கள். திக்குறிச்சி தாண்டி அருமனை, களியல் பக்கமாக இருட்டில் போகும்போது இந்தக் குரல்தான் வழிகாட்டி. முன்னே போனவர்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள், பின்தங்கியவன் இன்னும் வருகிறானா என்பது குரலைக் கேட்டாலே தெரிந்துவிடும். பதில் குரல் மெலிந்தால் யாராவது ஒருவர் நிற்பார். "பைய வா மக்கா" என்பார். அவ்வளவுதான், கேலி இல்லை. டீக்கடையில் அதே ஆள் அதே தளர்ச்சியைக் காட்டியிருந்தால் ஒரு வாரத்துக்கு விடாமல் ஓட்டியிருப்பார்கள்.

குலசேகரத்துக்கு அப்பால் ரப்பர்த் தோட்டங்களுக்கு இடையே நடு இரவில் நடக்கிறவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்க வேண்டும். முகம் தெரியாது. இருவர் பார்வையும் முன்னால் சாலையில் இருக்கும். எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாததை அருகருகே நடக்கும்போது ஆண்கள் சொல்லிவிடுகிறார்கள். அப்பாவின் நோய், வீட்டில் நடந்த சண்டை, வெளிநாட்டில் வேலை போனது எல்லாம் அப்போது வெளியே வரும். கேட்கிறவன் புத்தி சொல்வதில்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருப்பதால் சொல்லவும் முடியாது. அடுத்த கோயில் வந்ததும் பேச்சு நிற்கும், இருவரும் தண்ணீரில் இறங்குவார்கள். குடிக்காமல், கிண்டல் செய்யாமல் ஆண்கள் மனம் விட்டுப் பேசுவதற்கு நம் சமூகம் ஒதுக்கி வைத்திருக்கிற வெகு சில இடங்களில் ஒன்றாகவே இந்த இருட்டை நான் பார்க்கிறேன்.

விடிந்தபின் உடம்பு தன் கணக்கைக் கேட்கத் தொடங்கும். மாசி வெயிலில் தார்ச்சாலை பொள்ளும். கல்குளத்தைத் தாண்டும்போது பாதத்தில் கொப்புளம் இல்லாத ஆளைப் பார்ப்பது கடினம். வழிநெடுக வீட்டு முற்றங்களிலும் பந்தல்களிலும் மோர், பானகம், சுக்குவெள்ளம், கஞ்சி, பழம் என்று கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். அன்று ஒரு நாள் ஆண்கள் வாங்கிக் குடிக்கிறவர்களாக, கால் பிடித்துவிடப்படுகிறவர்களாக, கை கொடுத்துத் தூக்கிவிடப்படுகிறவர்களாக இருக்கிறார்கள். கொடுக்கிறவனாகவே நிற்க வேண்டும் என்று ஆணின் தோளில் ஏற்றிவைத்த பாரம் ஓர் இரவும் பகலும் கீழே இறங்குகிறது.

இனி பைக். அதைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. இந்தியாவில் பைக்குக்கும் ஆண்மைக்கும் முடிச்சு விழுந்த கதை சென்னையில் ஓடுகிறது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின; திருவொற்றியூரில் புல்லட் உருவானது, இராணுவத்துக்கும் போனது. எல்லைக் காவல், மீசை, கனத்த எஞ்சின் சத்தம் எல்லாம் அப்படித்தான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அந்த வண்டிகளிலும், பின்னால் வந்த எத்தனையோ வண்டிகளிலும் இளைஞர்கள் இமயத்துக்குப் போகத் தொடங்கியது ஒரு தலைமுறையின் விடுதலை. சொந்தச் சாதிக்காரனோடும் சொந்த ஊர்க்காரனோடும் மட்டுமே பழகி வளர்ந்த பையன் ஒருவன், நாக்பூரில் ஒரு சீக்கிய மெக்கானிக்கின் பட்டறையில் இரவு தங்கி, மொழி தெரியாமல் சிரித்துப் பேசி, ரொட்டி சாப்பிட்டு வருவது சின்ன விஷயமில்லை. பன்னிரண்டு கோயிலைச் சுற்றுகிற ஓட்டம் தராத ஒன்றை அந்தச் சாலை தருகிறது. அது பையனை அந்நியர்களின் நடுவே கொண்டுபோய் விடுகிறது.

ஆனால் பைக் பயணத்தின் கதை வேறு கதை. அதில் துரத்துகிற மிருகம் கிடையாது. வெல்ல வேண்டிய தூரம் இருக்கிறது. எத்தனை நாளில் முடித்தாய், ஒரு நாளில் எவ்வளவு ஓட்டினாய் என்பதுதான் முதல் கேள்வி. அமெரிக்காவின் அயர்ன் பட் அமைப்பு இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் ஆயிரம் மைல் ஓட்டியவர்களுக்குச் சான்றிதழ் தருகிறது. ஏறத்தாழ 1,610 கிலோமீட்டர். நம் நாட்டு ரைடர்களும் அதை முடித்துப் பெருமையோடு மாட்டிவைக்கிறார்கள். சிவாலய ஓட்டமும் ஏறக்குறைய அதே அளவு நேரம்தான், ஓர் இரவும் ஒரு பகலும். நட்டாலத்தில் யாரும் மணி பார்ப்பதில்லை. முதலில் வந்தவன் யார் என்று கேட்டால் சிரிப்பார்கள்.

ஹெல்மெட்டுக்குள் ஒவ்வொருவனும் தனி. பத்து வண்டிகள் வரிசையாகப் போனாலும் பத்துப் பேரும் பத்துத் தனிமையில் போகிறார்கள். இன்டர்காம் வந்தபிறகு கொஞ்சம் பேச்சு உண்டு. குழி இருக்கிறது, லாரி வருகிறது, அடுத்த பங்க்கில் நிற்போம். ஓட்டத்தில் பேச்சு வழியிலேயே நடக்கிறதென்றால், பைக்கில் அது இரவு தங்கும் விடுதிக்குத் தள்ளிப்போகிறது. அங்கே பழைய பாட்டில் வந்து உட்கார்ந்துவிட்டால் பயணம் திரும்பவும் ஊர் டீக்கடையின் பின்புறத்துக்கே வந்து சேர்கிறது.

இருந்தும் பைக் பயணத்துக்குள் எனக்கு மிகப் பிடித்த ஓர் ஆள் இருக்கிறார். கூட்டமாகப் போகும்போது முன்னால் ஒருவர் வழி நடத்துவார். கடைசியில் வருகிறவரை ஸ்வீப் என்பார்கள். நல்ல குழுக்களில் கடைசி வண்டியைக் கைதேர்ந்த ஒருவரிடம்தான் கொடுப்பார்கள். அவரால் எல்லோரையும் முந்திப் போக முடியும்; போக மாட்டார். யாருடைய செயின் தொளதொளக்கிறது, யார் தூக்கத்தில் தடுமாறுகிறார், யார் பயந்துபோய் வேகத்தைக் குறைக்கிறார் என்று பார்த்துக்கொண்டே வருவார். யாராவது நின்றால் அவரும் நிற்பார். பணகுடி தாண்டிக் காவல்கிணறு பக்கம் வரும்போது, ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து வருகிற காற்று பக்கவாட்டில் அடித்து வண்டியைச் சாலையின் மறுபக்கத்துக்குத் தள்ளும். அங்கே காற்றாலைகள் காடாக நிற்பது சும்மா இல்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டி வந்தவனுக்கும் அங்கே கை நடுங்கும். அந்த இடத்தில் பின்னால் ஒருவர் வருகிறார் என்கிற உறுதிதான் பெரிது. முந்தும் திறமை இருந்தும் பின்னால் வரச் சம்மதிப்பதை ஆண்மை என்று பையன்களுக்கு யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும்.

வண்டி பழுதாகும்போதும் நட்பு இப்படித்தான் வெளிப்படுகிறது. 1952-ல் சே குவேராவும் அல்பெர்த்தோ கிரனாதோவும் தென் அமெரிக்காவைச் சுற்றியது உலகம் அறிந்த பைக் பயணம். ஆனால் அவர்களின் நார்ட்டன் வண்டி சிலியிலேயே செத்துப்போனது. மீதி வழியெல்லாம் லாரியில் ஏறியும் கப்பலில் ஒளிந்தும் நடந்தும்தான் போனார்கள். சுரங்கத் தொழிலாளிகளைக் கண்டது, பெருவில் தொழுநோயாளிகளோடு தங்கியது எல்லாம் வண்டி போனபிறகு நடந்தவை. இருவரின் நட்பும் அந்தப் பயணத்தோடு நிற்கவில்லை. கிரனாதோ பின்னாளில் கியூபாவிலேயே குடியேறினார். நெடுஞ்சாலை 44-ல் போய் வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சீறிப் பறந்த நேர்க்கோட்டுச் சாலையைப் பற்றி இரண்டு வாக்கியத்துக்கு மேல் சொல்ல மாட்டார்கள். பஞ்சரான இரவைப் பற்றி, காய்ச்சலில் கிடந்தவனுக்கு மற்றவன் கஞ்சி தேடி அலைந்ததைப் பற்றி மணிக்கணக்கில் சொல்வார்கள்.

இரண்டு பயணங்களும் பிரிகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். இரண்டிலும் நட்பு கெட்டிப்படுவது ஒருவன் தளர்கிற நேரத்தில்தான். ஓட்டம் அந்தத் தளர்ச்சியை முன்கூட்டியே எதிர்பார்த்து, அதற்கு விசிறியும் குளமும் மோர்ப்பந்தலும் பதில் குரலும் வைத்துக் காத்திருக்கிறது. பைக் பயணத்தில் தளர்ச்சி கெட்ட நேரமாக, தோல்வியாக, திட்டத்தில் விழுந்த ஓட்டையாக வருகிறது. வரும்போது நல்லவர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். அதற்கென்று ஒரு முறை அங்கே இன்னும் உருவாகவில்லை. உருவாகாத இடத்தில் களைப்பை மறைத்துக்கொண்டு இன்னும் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறான் ஒருவன். கண் அசந்து சாலையோரத்தில் போய் முடிகிறான். ஒவ்வொரு முறை அந்தச் செய்தியைப் படிக்கும்போதும், "முடியலடே, நிப்பாட்டு" என்று சொல்ல அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையே என்றுதான் மனம் பதைக்கிறது.

தருமரின் தீர்ப்பை இங்கே நினைத்துக்கொள்கிறேன். தம்பி என்பதற்காக வளைந்துகொடுக்காமல், உன் பாதி பிடிபட்டுவிட்டது என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர் அவர். தூக்கத்தில் தள்ளாடும் நண்பனின் சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அவன் திட்டத் திட்டச் சிரித்தபடி நிற்கிறவனிடமும் அந்தத் தருமர் இருக்கிறார்.

ஓட்டத்தின் பக்கத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இது நெடுங்காலம் ஆண்களின் ஓட்டமாகவே இருந்தது. ஆண்கள் தளர்ந்து வந்து விழுவதற்கு இடம் கொடுத்த அதே முற்றங்களில், இரவெல்லாம் விழித்துச் சுக்குவெள்ளம் காய்ச்சிய பெண்களுக்கு அப்படி ஓர் இரவு ஒதுக்கப்படவில்லை. இப்போது பெண்களும் பன்னிரண்டு கோயிலுக்கும் போகிறார்கள், பெரும்பாலும் வேனிலும் காரிலும். பைக் பயணத்தில் பெண்கள் தனியாகவும் குழுவாகவும் காஷ்மீரிலிருந்து குமரி வரை ஓட்டி வந்துவிட்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் நெடுஞ்சாலைதான் முன்னே நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. இதே மாவட்டத்தின் மேற்குக் கரையில், தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்து ஆண்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடந்து சுறாவும் சூரையும் பிடித்து வருகிறார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது அவர்களில் பலர் திரும்பவில்லை. தப்பியவர்கள் பலர், ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கிடந்து தப்பியவர்கள். நாம் தேடிப் போகிற கஷ்டம் வேறு, வயிற்றுக்காகப் போகிற கஷ்டம் வேறு. சாகசம் என்ற சொல்லை எடுக்கும்போதெல்லாம் அந்த விசைப்படகுகள் என் கண்ணில் வந்து நிற்கின்றன.

இப்போது இரண்டு பயணங்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிட்டன. சில வருடங்களாக சிவாலய ஓட்டத்தில் வண்டியில் போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். காவி வேட்டியை மடித்துக் கட்டி, ஒரே பைக்கில் மூன்று பேராக, ஹாரனை அழுத்தியபடி, ஓடுகிறவர்களை ஒதுக்கிக்கொண்டு பன்னிரண்டு கோயிலையும் சில மணி நேரத்தில் பார்த்து முடிக்கிறார்கள். வயதானவர்களும் உடல் முடியாதவர்களும் வண்டியில் போவது நியாயம். இருபது வயதுப் பையன் அப்படிப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. கோயில் விட்டுப்போகிறதே என்பதல்ல என் வருத்தம். கோயிலுக்கும் கோயிலுக்கும் நடுவில் இருக்கிற இருட்டு விட்டுப்போகிறது. கூட்டுக்காரனின் மூச்சுச் சத்தம் கேட்கிற தூரம் விட்டுப்போகிறது. ஆண்களுக்கு அவ்வளவு தேவையான ஒன்றை, அதுவும் இலவசமாகக் கிடைப்பதை, நாமே சுருக்கிக்கொண்டிருக்கிறோம்.

அதனால் இரு பக்கத்தாரிடமும் ஒரு வேண்டுகோள். பைக் குழு நடத்துகிற தம்பிகளே, கிளம்புவதற்கு முன் எரிபொருளுக்கும் அறைக்கும் திட்டம் போடுவதுபோல், யார் வேண்டுமானாலும் எந்த நேரத்திலும் "முடியல" என்று சொல்லலாம், சொன்னால் எல்லோரும் நிற்போம், அதைப் பற்றி ஊரில் ஒருவரும் பேச மாட்டோம் என்று ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். கோவிந்தன்மாராகப் போகிற தம்பிகளே, வண்டியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்; பன்னிரண்டும் முடியாவிட்டால் திற்பரப்பு வரையாவது நடந்து போங்கள். தனியாகப் போக வேண்டாம். நீண்ட நாளாக நீங்கள் சரியாகப் பேசாமல் இருக்கிற நண்பன் ஒருவனைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். மாசி மாதத் தேய்பிறைச் சதுர்த்தசிக்கு முந்தைய நாள் மாலை, முன்சிறை திருமலையில் ஓட்டம் தொடங்கும்.